பாவை விளக்கு

ஒளியைத் தொழுவது தமிழ் மக்களின் தொன்மையான நெறிகளுள் ஒன்று. அந்திப் பொழுது வந்ததை மலர்களின் மணத்தால் உணர்ந்த மகளிர், இரும்பினாற் செய்த விளக்கில் நெய்யில் நனைந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுதனர் என்று நெடுநல்வாடை கூறுகின்றது. கார்த்திகைத் திங்களில் ஊர் முழுதும் விளக்கிட்டு விழா எடுத்த செய்தியை அகநானூறு அறிவிக்கின்றது. முதலாழ்வார்கள் மூவருள் பொய்கையாரும் பூதத்தாரும் தங்கள் அந்தாதிகளை விளக்கேற்றியே தொடங்குகின்றனர். ஒருவர் உலகத்தையே தகழியாகக் கொண்டார். மற்றவர் தம் அன்பையே தகழியாகக் கொண்டார்.

இங்ஙனம் விளக்கைப் போற்றிய மக்கள், விளக்கின் வகைகளுக்குச் சூட்டிய பெயர்கள் பல. அகல் விளக்கு, குத்துவிளக்கு, தூங்கு விளக்கு, சர விளக்கு, நந்தா விளக்கு முதலியன இன்றும் வழங்குகின்றன. இவற்றிடையே அழகும் பழமையும் ஒருங்கே வாய்ந்த பெயர் ஒன்று உண்டு. அதுவே பாவை விளக்கு. அகிலன் 'கல்கி' இதழில் எழுதிய நாவலாலும், அதனை ஒட்டி 1960ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தாலும் இச்சொல் பலர் செவியிற் பட்டிருக்கின்றது. ஆயினும், இதன் பொருள் யாது, இது எவ்வாறு திருக்கோயிலுக்குள் வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. பாவையால் புகழ்பெற்ற கொல்லிமலையின் பைல் நாட்டில் இறைவனுக்கு விளக்கேற்றும் அன்பர்களுக்கு இவ்வரலாறு உரிமையுடையது.

கொல்லிமலையும் பாவையும்

நாமக்கல் மாவட்டத்தின் வடகிழக்கில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்பது கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், மலைமுகட்டில் 14 நாடுகள் பரந்திருக்கக் காணலாம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என விளங்கும் அவற்றுள் ஒன்று பைல் நாடு. இந்நாடுகளின் குடிகள் மலையாளிகள் என வழங்கப்பெறுவர். மலையை ஆளும் மக்கள் என்பதே அப்பெயரின் பொருளாகும். சேர நாட்டுப் பெயரன்று. இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் வரலாறு. அறப்பளீசுவரர் எழுந்தருளியிருக்கும் இம்மலை, 'கொல்லி அறப்பள்ளி' எனத் தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்தியே நூறு பாடல்களில் அறம் உரைக்கின்றது.

சங்க காலத்தில் இம்மலைக்குரியவன் வல்வில் ஓரி; கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்பது அகநானூறு தரும் செய்தி. அரசர் மாறினும், மலைக்கு வாய்த்த பெரும்புகழ் மாறவில்லை. அப்புகழுக்குக் காரணம் கொல்லிப்பாவை. கபிலரும் பரணரும் இப்பாவையைப் பாடியுள்ளனர். தெய்வம் மலையின் மேற்குப் பக்கத்தில் எழுதிய நல்லுருவம் அது என்று குறுந்தொகை கூறும். பூதம் அமைத்தது என்று நற்றிணை கூறும். காற்று மோதினும், மழை சீறினும், இடி இடிப்பினும், நிலமே அதிரினும் தன் அழகிய வடிவம் கெடாதது அப்பாவை என்பது நற்றிணையின் மற்றொரு பாட்டால் பெறப்படும் பொருள். முனிவர்களின் தவத்துக்கு இடையூறு செய்த அசுரரை மாய்க்கத் தேவதச்சன் அமைத்த பாவை, சிரித்தே அவர்களை வீழ்த்தியது என்னும் கதை பின்னாளில் வளர்ந்தது. மலையில் எழுந்தருளியுள்ள எட்டுக்கை அம்மனே அக்கொல்லிப்பாவை என்று மலைமக்கள் வழிபடுகின்றனர்.

கொல்லிப்பாவை விளக்கேந்திய பாவை என்று எந்தப் பழம்பாட்டும் கூறவில்லை. எனினும் 'பாவை' என்ற சொல்லின் ஆழத்தை உணர்வதற்குக் கொல்லியைக் காட்டிலும் சிறந்த இடம் இல்லை. பாவை என்பது செய்யப்பட்ட உருவம், பதுமை. அழகிய பெண்ணுக்கும் அது பெயர். கண்ணின் நடுவே ஒளி புகும் கருமணிக்கும் அதுவே பெயர். செய்த உருவம் உயிருள்ளது போல் நிற்பதும், நிற்பது மாறாமல் நிலைப்பதும், அதனுள் ஒளி குடிகொள்வதும் ஆகிய மூன்று கருத்தும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளன. கொல்லியின் பாவை முதலிரண்டு கருத்துக்கும் இலக்கணம். மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டது பாவை விளக்கு.

காத்திருப்போரின் விளக்கு

பத்துப்பாட்டின் இரு நூல்களில் பாவை விளக்கு ஒளிவிடுகின்றது. ஒன்று நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. மற்றொன்று நக்கீரர் பாடிய நெடுநல்வாடை.

முல்லைப்பாட்டில் அரசன் போர்ப்பாசறையில் இருக்கின்றான். அவன் திரும்பி வருவதாகக் கூறிய கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. ஏழடுக்கு மாளிகையில் அரசி துயரத்தை அடக்கிப் பொறுத்திருக்கின்றாள். அவள் பக்கத்தில் பாவை விளக்கு பெருஞ்சுடருடன் எரிகின்றது. மாளிகையின் கூரைகளிலிருந்து மழைநீர் இழியும் ஓசையை அவள் கேட்டுக் கிடக்கின்றாள்.

நெடுநல்வாடையிலும் இதே நிலை. அரசன் பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறித் திரிகின்றான். அரண்மனையில் அரசி அணிகளைக் களைந்து வருந்தியிருக்கின்றாள். அவ்வரண்மனையில் யவனர் செய்த வேலைப்பாடு மிக்க பாவைகள் கையில் அகலேந்தி நிற்கின்றன. அகல் நிறைய நெய் வார்த்து, பருத்த திரியிட்டு, சுடர் மங்குந்தோறும் தூண்டி, மாளிகையெங்கும் இருள் நீங்குமாறு எரிய விடுகின்றனர்.

இரு புலவரும் இவ்விளக்கைக் கொண்டாட்டத்தில் வைக்கவில்லை. காத்திருப்பில் வைத்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. உறங்காத பெண்ணுக்குத் துணையாக உறங்காத பாவை நிற்கின்றது. மனிதக் கை சோரும். பாவையின் கை சோராது. அன்புடையோர் வரும்வரை ஒளியைத் தாழவிடாமல் ஏந்தி நிற்பதே அதன் தொழில். அணிகலன் போன்ற ஒரு வீட்டுப்பொருள், பின்னாளில் இறைவன் திருமுன்னர் வைக்கத் தகுந்த பொருளாக மாறியதன் விதை இங்கே உள்ளது.

யவனரும் அன்னமும்

இவ்விளக்கை யவனர் செய்தனர் என்று நக்கீரர் கூறியது வெறும் அணியன்று. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் மேலைக் கடல் கடந்து வந்த வணிகரோடு தமிழகம் கொண்ட தொடர்புக்குச் சான்றுகள் மண்ணிலிருந்தே கிடைத்துள்ளன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் வீலர் நடத்திய அகழாய்வில் மதுச்சாடிகளும், இத்தாலி நாட்டு அரிட்டைன் மட்கலங்களும் வெளிப்பட்டன. உரோமானிய விளக்கின் பகுதியும் அங்குக் கிடைத்தது. கொல்லிமலைக்குத் தெற்கே, காவிரிக்கு அப்பால் உள்ள கருவூரிலோ, அமராவதி ஆற்றுப் படுகையில் உரோமானிய நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கொல்லியை ஆண்ட சேரரின் ஊராகிய கருவூர் வரை யவனரின் பொன் வந்தது என்றால், அவர்களின் விளக்கும் தமிழ் மாளிகைகளுக்கு வந்ததில் வியப்பில்லை.

யவனரோடு தொடர்புடைய மற்றோர் அரிய பெயர் ஓதிம விளக்கு. ஓதிமம் என்பது அன்னம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் இவ்விளக்கைக் குறிக்கின்றார். வேள்வித் தூணின் உச்சியில் பறவையொன்று அமர்ந்திருக்கும் காட்சிக்கு, உயரத்தில் ஏற்றிய யவனரின் அன்ன விளக்கு உவமையாகின்றது. அது விடியற்காலத்து மீனைப் போல் தோன்றுகின்றது. கப்பலின் பாய்மரத்து உச்சியில் வைத்த விளக்கு இது என்று கொள்வர்.

ஓதிமம் என்னும் சொல் இன்று வழக்கில் இல்லை. அவ்வடிவமோ மறையவில்லை. இன்றும் குத்துவிளக்கின் உச்சியில் அன்னப்பறவை அமர்ந்திருப்பதைப் பலரும் நாள்தோறும் காண்கின்றனர். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் கம்மியர் வார்க்கும் குத்துவிளக்குகள் அன்ன உச்சிக்குப் பெயர் பெற்றவை. புவிசார் குறியீடும் பெற்றவை.

நந்தா விளக்கும் பாவை விளக்கும்

அரண்மனையில் நின்ற விளக்கு ஆலயத்துக்கு வந்த காலத்தில், திருக்கோயில்களில் பெருவழக்காக இருந்தது நந்தா விளக்கு. கல்வெட்டுகளில் இது நந்தா விளக்கு, நுந்தா விளக்கு, நொந்தா விளக்கு எனப் பலவாறு காணப்படும். நந்துதல் என்பது கெடுதல், அவிதல். நந்தா என்றால் அவியாதது. நுந்துதல் என்பது தள்ளுதல், தூண்டுதல்; நுந்தா என்றால் தூண்ட வேண்டாதது. தூண்டாமணி விளக்கு என்னும் பிற்கால வழக்கும் இதனோடு ஒத்ததே. திருமங்கையாழ்வார் இறைவனையே நந்தா விளக்கென விளித்தார்.

ஒரு விளக்கு அவியாமல் எரிவதற்கு அடியார்கள் செய்த ஏற்பாடு வியக்கத்தக்கது. அவர்கள் நெய்யை மட்டும் கொடுக்கவில்லை. நெய் வற்றாமைக்கு வழி செய்தனர். ஒரு விளக்குக்கு 90 ஆடுகள் அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழர் ஏற்படுத்திய திட்டத்தில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வகுக்கப்பட்டது. இவற்றைப் பெற்ற இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழியாதலின், 360 நாளுக்கு ஆகும் நெய் 90 நாழி. ஆடு 90 எனக் கொண்டால், ஓர் ஆட்டுக்கு ஆண்டில் ஒரு நாழி நெய்யே கடமை. இடையருக்கும் சுமையில்லை, விளக்குக்கும் குறைவில்லை. மூத்தவை மாயும்போது குட்டிகள் அவ்விடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆதலின் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஞாயிறும் திங்களும் உள்ளவரை இத்தருமம் நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினர்.

இவ்விளக்குகளை ஏற்றியோர் அரசரும் அரசியரும் மட்டும் அல்லர். வணிகர் ஏற்றினர், படைவீரர் ஏற்றினர், இறந்த உறவினரின் நன்மைக்காகப் பலர் ஏற்றினர். வேட்டையில் குறிதவறிய அம்பால் அறியாது ஒருவன் உயிரைப் போக்கியவன், அப்பழி தீரக் கோயிலில் விளக்கெரிக்குமாறு ஊரார் தீர்ப்புக் கூறிய செய்திகளும் கல்வெட்டுகளில் உள்ளன. உயிருக்கு உயிர் என்று வாள் எடுக்காமல், அணைந்த உயிரின் பொருட்டு அணையாத சுடர் ஒன்றை வைக்கச் செய்த அந்நாளையோர் அறிவு போற்றத்தக்கது.

பெரியபுராணம் கூறும் அடியார்களுள் விளக்குத் தொண்டால் வீடுபெற்றோர் உளர். நமிநந்தியடிகள் திருவாரூரில் நீரால் விளக்கெரித்தார். கலிய நாயனார் திருவொற்றியூரில் எண்ணெய் இல்லாதபோது தம் குருதியையே வார்க்கத் துணிந்தார். கணம்புல்லர் தில்லையில் புல்லை விற்று நெய் வாங்கி விளக்கிட்டார். புல் விலைபோகாத நாளில் புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமுடியையே திரியாக்கினார். இம்மூவரும் விளக்குக்கு அளித்தது பொருளன்று, தம்மையே அளித்தனர்.

இங்கேதான் பாவை விளக்கு தன் முழுப்பொருளைப் பெறுகின்றது. நந்தா விளக்கு சுடரால் பெயர் பெற்றது. பாவை விளக்கு வடிவால் பெயர் பெற்றது. நந்தா விளக்கில் அடியார் தம் பொருளை வைத்தார். பாவை விளக்கில் தம் உருவத்தையே வைத்தார். விசயநகர, நாயக்கர் காலங்களிலும் அதன் பின்னரும் இரு கைகளிலும் அகலேந்தி, அணிகள் பூண்டு, கொண்டையிட்டு நிற்கும் பெண்ணுருவ விளக்குகள் கோயில்களில் பெருகின. சிலவற்றின் தோளில் கிளி அமர்ந்திருக்கும். இவற்றைத் தீபலட்சுமி என்றும் வழங்குவர். எல்லாம் திருமகள் உருவங்கள் அல்ல. சில, விளக்கை நேர்ந்து வைத்த மகளிரின் உருவங்களே.

திருவிடைமருதூர்ப் பாவை

இதற்குச் சிறந்த சான்று திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி திருக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட பித்தளைப் பாவை விளக்கு. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பிரதாபசிம்மர் என்னும் இளவரசரை மணக்க விரும்பினார் அம்முனு அம்மணி என்பார். இவ்விளவரசர், முந்தைய நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட அதே பெயருடைய மன்னர் அல்லர். தம் எண்ணம் நிறைவேறினால் இறைவனுக்கு இலட்ச தீபம் ஏற்றுவதாக அம்மணியார் வேண்டிக்கொண்டார். எண்ணம் நிறைவேறியது. நேர்ந்தவண்ணம் இலட்ச தீபம் ஏற்றினார். அவ்விளக்குகளுள் ஒன்றாகத் தம் உருவையே பாவை விளக்காக வார்ப்பித்துக் கோயிலில் வைத்தார். இவ்வரலாறு அவ்விளக்கின் பீடத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டு சகம் 1775, கி.பி. 1853.

அக்காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தஞ்சை மராட்டியரின் கடைசி மன்னரான இரண்டாம் சிவாஜி அப்போது அரியணையில் இருந்தார். ஆட்சி உரிமையோ கும்பினியாரிடம் சென்றுவிட்டது. 1855ஆம் ஆண்டில் அவர் ஆண் வாரிசின்றி மறைந்தார்; அரச பதவியும் மறைந்தது. அரண்மனையின் ஆணைகள் பல இன்று எவர் நினைவிலும் இல்லை. ஒரு பெண் தன் வேண்டுதல் பலித்த மகிழ்ச்சியில் வார்ப்பித்த விளக்கு நிலைத்துவிட்டது. முல்லைப்பாட்டின் அரசி பாவை விளக்கின் அருகில் காத்திருந்தாள். அம்முனு அம்மணியோ காத்திருப்பு முடிந்தபின் தாமே பாவை விளக்காகி நின்றார்.

பீடத்தில் அவ்வெழுத்துகள் இல்லாதிருந்தால், அவ்விளக்கு பெயரறியாத மற்றுமொரு பித்தளைப் பதுமையாகவே இருந்திருக்கும். ஏந்திய கை யாருடையது என்பதை எழுத்தே காத்தது.

மெழுகும் உலோகமும்

பாவை விளக்கு பிறக்கும் முறையும் அறியத்தக்கது. சுவாமிமலைச் சிற்பியர் இறைத் திருமேனிகளை வார்க்கும் முறையிலேயே நுண்வேலை மிக்க உருவங்கள் அமைக்கப்படுகின்றன. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கிய கலவையால் முதலில் உருவம் வனைவர். அதன்மேல் ஆற்று வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திக் கருக்கட்டுவர். பின்பு நெருப்பிலிடின், உள்ளிருக்கும் மெழுகு உருகி ஓடிவிடும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறிய பின் மண்ணை உடைத்தால் உருவம் வெளிப்படும். உளியும் அரமும் கொண்டு கண்ணையும் அணிகளையும் செதுக்கி முடிப்பர். ஒரு கரு ஒரே உருவத்தைத்தான் தரும். ஆதலின் ஒவ்வொரு பாவையும் தனக்கென ஒரு முகம் உடையது.

மலையில் தேனீ சேர்த்த மெழுகு, ஆறு கொணர்ந்த வண்டல், நெருப்பு உருக்கிய உலோகம் ஆகிய மூன்றும் கூடி ஒரு பாவை பிறக்கின்றது. மெழுகு தான் அழிந்து வடிவத்தைத் தருவது போல, திரி தான் அழிந்து ஒளியைத் தருகின்றது. விளக்கின் பிறப்பும் வாழ்வும் ஒரே நெறியில் அமைந்தன என்னலாம்.

அன்பர்கள் கடமை

குடமுழுக்கு என்பது கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுதலும் கலசத்துக்கு நீர் வார்த்தலும் மட்டும் அன்று. கோயிலின் பழம்பொருள்களை மீண்டும் கண்ணுற்றுப் போற்றும் காலமும் அதுவே. திருப்பணி நாள்களில் களஞ்சியத்தில் கிடக்கும் பழைய விளக்குகள் வெளியே வரும். கை ஒடிந்த பாவை, அகல் இழந்த தண்டு, அன்னம் கழன்ற குத்துவிளக்கு எனப் பலவும் அவற்றுள் இருக்கும். அவற்றை எடைக்கு எடை பழைய பித்தளையாகக் கருதிப் புதுவிளக்குக்கு மாற்றிக்கொள்வது எளிது. ஆனால் அப்பீடத்தின் அடியில் ஒருத்தியின் வேண்டுதல் எழுதப்பட்டிருக்கலாம். ஆதலின் முதலில் பீடத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். எழுத்திருப்பின் அதனைப் படித்துப் பதிவு செய்தல் வேண்டும். பளபளப்புக்காகக் கடுமையான அமிலத்தில் இட்டுத் துலக்கின், எழுத்தும் முகமும் சேர்ந்தே தேயும். மென்மையாகத் துலக்குவதே இதற்குப் பாதுகாப்பானது.

இன்று மின்விளக்குத் தோரணங்கள் திருவிழாக்களில் கோபுரத்தின் அடி முதல் முடி வரை ஒளியை அள்ளி இறைக்கின்றன. அது காண்பதற்கு இன்பமானதே. எனினும் ஒரு பொத்தானை அழுத்தினால் பிறந்து, மற்றொரு முறை அழுத்தினால் மறையும் ஒளிக்கும், ஒரு கை எண்ணெய் வார்த்து, ஒரு கண் திரியைப் பார்த்து, ஒரு நெஞ்சம் காத்துநின்று வளர்க்கும் ஒளிக்கும் வேறுபாடு உண்டு. 'வேதாரணியம் விளக்கழகு' என்பது பழமொழி. அவ்வழகு விளக்கின் எண்ணிக்கையால் மட்டும் வந்ததன்று. அத்தலத்தில் சுடரின் நெய்யை உண்ண வந்த எலி, அறியாமல் திரியைத் தூண்டிய சிறு தொண்டுக்காக மாவலியாகப் பிறந்தது என்பது வரலாறு. அறியாத எலிக்கே அப்பேறு என்றால், அறிந்து ஏற்றும் அன்பருக்கு வாய்க்கும் பேற்றைக் கூறவும் வேண்டுமோ?

விளக்கை உபயம் செய்ய விழையும் அன்பர்கள் பழந்தமிழர் கண்ட இரு நெறிகளையும் நினைவிற் கொள்ளுதல் நலம். விளக்கைக் கொடுப்பவர் அதற்கு ஆண்டு முழுதும் வேண்டும் எண்ணெய்க்கும் வழி செய்தால், அவர் சாவா மூவாப் பேராடு அளித்தவர் ஆவர். தம்மால் இயன்ற நாளில் தாமே வந்து திரியிட்டு ஏற்றினால், அவர் தம்மையே பாவை விளக்காக நிறுத்தியவர் ஆவர். முன்னது செல்வமுடையோர்க்கு எளிது. பின்னது எல்லார்க்கும் எளிது. பைல் நாட்டில் சாமை விளைக்கும் உழவர் ஒரு கை எண்ணெயோடு வந்து ஏற்றும் அகலும், நகரத்துச் செல்வர் வைக்கும் வெண்கல விளக்கும் இறைவன் திருமுன்னர் ஒரே சுடரையே காட்டுகின்றன.

காற்றும் மழையும் இடியும் அசைத்தும் கொல்லியின் பாவை வடிவு குன்றவில்லை என்றனர் சான்றோர். அம்மலையில் ஏற்றப்படும் ஒளியும் அவ்வாறே குன்றாது நின்று, இருள் நீக்கி, நாடும் குடியும் செழிக்கச் செய்யுமாக.